38,500 ரூபாவுக்கு வாங்கிய ட்ரைபொட்: வன்னியில் கமரா வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்

நேற்று இரவு நித்திரையே இல்லை, அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வவுனியா டவுனில் கமராச் சாமான் விற்கிற ஒரு கடையில் காபன் ஃபைபர் (அதிர்வை அடக்குகிற, பாரம் குறைந்த பொருள்) என்று சொல்லி 38,500 ரூபா வாங்கிக்கொண்டு அலுமினிய ட்ரைபொட்டை, அதாவது கமரா பூட்டுகிற மூன்று கால் ஸ்டாண்டை, தந்துவிட்டார்கள். கறுப்புக் கோடு போட்ட ஸ்டிக்கரைச் சுற்றி ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கனடாவில் இருக்கிற ஒரு குடும்பம் கிளிநொச்சியில் வீடு கட்டி முடித்திருக்கிறது. பொழுதுபடுகிற நேரம் லைட் எல்லாம் போட்டு, வானமும் தெரிகிற மாதிரிப் படம் கேட்டார்கள். வானத்துக்குச் சரிபார்த்தால் விறாந்தை இருண்டுவிடும், விறாந்தைக்குப் பார்த்தால் வானம் வெளிறிவிடும். அதனால் பிராக்கெட்டிங்தான், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் பல படம் எடுப்பது. இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) இடைவெளியில் 1/30, 1/8, 1/2 செக்கன் என்று மூன்று படம் எடுத்துப் பிறகு சேர்க்க வேண்டும். இந்த வேகங்களில் கமராவுக்குள் கண்ணாடி தூக்கி அடிக்கிற சின்ன அதிர்வே படத்தைக் கெடுத்துவிடும். படத்துக்குப் படம் கமரா கொஞ்சம் விலகியிருந்தால் சொஃப்ட்வெயார் பொருத்திவிடும், ஒரு படத்துக்குள்ளேயே ஆடிக் கலங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. என் பழைய ஸ்டாண்ட் தாங்காது என்றுதான் சேர்த்து வைத்த காசை எடுத்துக்கொண்டு வவுனியாவுக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் வயதானவர், தேத்தண்ணி எல்லாம் தந்து அன்பாகக் கதைத்தார். ட்ரைபொட்டை விரித்து, மேல் தட்டில் பாதித் தண்ணீரோடு ஒரு போத்தலை வைத்து, காலில் விரலால் தட்டினார். "பாருங்கோ தம்பி, தண்ணி அசையுதோ? காபன் எண்டா இதுதான்." தண்ணீர் அசையவில்லை. அந்த இடத்தில்தான் நம்பினேன். கால் ஒன்றையும் அவர் நீட்டவில்லை, நடுத்தண்டையும் உயர்த்தவில்லை, கட்டையாக வைத்துச் சீமெந்துத் தரையில் காட்டினார் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. 38,500 ரூபாவையும் எண்ணிக் கொடுத்தேன்.

இங்கே இப்போது சோளகக் காற்று. முதல் நாளே மூன்று படத்தில் இரண்டு கலங்கல், ஜன்னல் கம்பி எல்லாம் இரட்டையாகத் தெரிந்தது. ரிமோட்டில் எடுத்தேன், லென்ஸில் கை ஆட்டத்தைச் சமன் செய்கிற ஸ்டெபிலைசரை நிறுத்தினேன், லைவ் வியூவில் (கமராவின் பின்திரையில் பார்த்து எடுக்கிற முறையில்) வைத்துக் கண்ணாடி அடிக்காமலும் எடுத்துப் பார்த்தேன். பலன் இல்லை. மூன்றாம் நாள் ட்ரைபொட்டின் காலைப் பூட்டும்போது பூட்டுக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் கிழிந்து உள்ளே வெள்ளையாக அலுமினியம் பல்லைக் காட்டியது. வீட்டில் அதே போத்தலை வைத்து, காலை முழுக்க நீட்டித் தட்டினேன். தண்ணீர் நின்று அடங்க எவ்வளவோ நேரம் எடுத்தது.

அதற்குப் பிறகு போன் எடுத்தால் கடைப் பொடியன் "அண்ணை, முதலாளி கொழும்புக்குப் போட்டார், வெள்ளிக்கிழமை எடுங்கோ" என்றான். வெள்ளிக்கிழமை எடுத்தால் திங்கள் என்றான். நேரே போனேன், போக வர ஒரு நாள் வேலை கெட்டது. தேத்தண்ணி தந்த அதே மனுசன் என்னைத் தெரியாத மாதிரிப் பார்த்து, "நீங்கள் பாவிச்ச முறை பிழை தம்பி, பூட்டை இறுக்கிப்போட்டியள்" என்றார். பில்லைக் காட்டினேன். அதில் "ஸ்டாண்ட் 1, 38,500" என்று மட்டும்தான் இருக்கிறது. காபன் என்றோ மொடல் பெயரோ ஒன்றும் இல்லை. வாங்கும்போது நான் அதை வாசிக்கவில்லை.

எப்படி வாங்குவது என்று விளக்கமாக எழுத நினைத்திருந்தேன், இப்போது மனம் வரவில்லை. உங்கள் கமராவையும் லென்ஸையும் கடைக்குக் கொண்டு போங்கள். காலை முழுக்க நீட்டி, லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, காலில் தட்டி, படம் அடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். கீழ்க்காலைக் கழற்றிக் குழாயின் வெட்டு விளிம்பைப் பாருங்கள், காபன் என்றால் உள்ளேயும் கறுப்புத்தான். பில்லில் மொடல் பெயர் எழுதாமல் காசு கொடுக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி 1977, எழுத்தில் முறைப்பாடு கொடுப்பதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் எழுதிவிட்டேன், நாளைக்குப் பதிவுத் தபாலில் போகிறது.

கனடாக்காரருக்கு இன்னும் படம் அனுப்பவில்லை. இன்று பின்னேரம் முன்மதிலில் மணல் பை போட்டு, அதன்மேல் கமராவை வைத்து எடுக்கப் போகிறேன்.