சுற்றுச்சூழல் அறிவியல் இளநிலைப் பட்டம்: எந்தப் பிரிவை எடுப்பது?

நான் படித்து முடித்த சுற்றுச்சூழல் அறிவியல் இளநிலைப் பட்டப்படிப்பில் வேதியியல், உயிரியல், நிலவியல், புள்ளியியல் ஆகியவற்றை முதலாண்டில் அனைவருக்கும் பொதுவாக நடத்திவிட்டு, இரண்டாம் ஆண்டிலிருந்து நீர்த்தரம், புவித்தகவல் தொழில்நுட்பம், கொள்கையும் மேலாண்மையும் என்ற மூன்று பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். சேர்க்கைக் கையேடு மூன்றையும் ஒரே தட்டில் வைக்கிறது. செய்முறை நேரத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இவற்றுள் நீர்த்தரப் பிரிவுக்கே என் முழு மதிப்பெண். கரைந்த ஆக்சிஜனை நொடியில் காட்டும் கருவி ஆய்வகத்திலேயே இருந்தும், 1888இல் வேதியியலாளர் வின்க்ளர் வெளியிட்ட தரம்பார்த்தல் முறையைத்தான் முதலில் செய்ய வைக்கிறார்கள். மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் சேர்த்ததும் குப்பிக்குள் பழுப்பு நிற வீழ்படிவு படியும்; அமிலம் விட்டு அதைக் கரைத்து, வெளிப்படும் அயோடினை, ஸ்டார்ச்சின் நீல நிறம் மறையும் வரை, தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்க வேண்டும். மூடியின் அடியில் சிறு காற்றுக்குமிழி தங்கினாலும் அளவீடு பிழையாகிவிடும் என்பதால், நீரைப் பிடிப்பதிலேயே பாதிக் கவனம் போய்விடுகிறது. அதே நீரை 20 டிகிரி செல்சியசில், இருட்டில், 5 நாள் வைத்திருந்து உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் செலவிடும் ஆக்சிஜனின் அளவை) கணக்கிட்ட மாணவர், பிறர் தரும் அட்டவணையை அப்படியே நம்பிவிட மாட்டார்.

புவித்தகவல் பிரிவில் மென்பொருள் பயிற்சி நன்று, களப்பணிதான் போதாது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் ஒரு படப்புள்ளி 30 மீட்டர் பக்கமுள்ள சதுர நிலத்தைக் குறிப்பதால், குறுகிய ஓடையும் அதன் கரைமரங்களும் ஒரே புள்ளிக்குள் கலந்துவிடுகின்றன. அதை நேரில் சென்று சரிபார்க்கும் வகுப்புகள் ஒப்புக்குத்தான் நடக்கின்றன.

கொள்கைப் பிரிவில்தான் எனக்குப் பெரிய மனக்குறை. முதலாண்டோடு வேதியியலும் புள்ளியியலும் நின்றுவிடுவதால், ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று கணிக்கும் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைச் சட்டப்பிரிவு வாரியாக அலசத் தெரிந்த மாணவருக்கு, மாதிரிகளை எங்கே, எந்தப் பருவத்தில், எத்தனை முறை எடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுவதில்லை. அறிக்கைகளின் பலவீனம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நீர்ப் பகுப்பாய்வை விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்று கையேடு சொல்கிறது. அந்த ஆய்வக நேரமோ கொள்கைப் பிரிவின் கட்டாய வகுப்போடு மோதுகிறது!

சுற்றுச்சூழல் பொறியியலில் முதுநிலை படிக்க எண்ணுவோர் கணிதத்தைத் தனியே வலுப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். கொள்கைப் பிரிவில் சேர விரும்புவோர், கையெழுத்திடும் முன் இரண்டாம், மூன்றாம் ஆண்டுக் கால அட்டவணைகளைக் கேட்டு வாங்கி, விருப்பப் பாட நேரங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.