ஸ்டார்ட்டில் இன்ஜின் ரைஸ் ஆனதற்கு பேட்டரியை மாற்றி ஏமாந்தேன்

என்னுடையது பழைய ஹைப்ரிட் கார், அதாவது பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற வண்டி. அதன் பெரிய பேட்டரி போய்விட்டது என்று சொல்லி, நான் வண்டி வாங்கிய விலையில் ஏறக்குறைய பாதியை ஓர் ஒர்க்‌ஷாப் என்னிடம் கறந்துவிட்டது. கடைசியில் பார்த்தால், ஒரு துணியும் ஒரு கேன் கிளீனரும் வைத்து ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. பழைய ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் படித்துவிட்டு அப்புறம் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

காலையில் பட்டனை அழுத்தி ரெடி விளக்கு எரிந்து இன்ஜின் கிளம்பியதும், சில நாள் திடீரென்று உறுமும். நான்கைந்து விநாடியில் அடங்கும், மறுபடி ஒரு தடவை எகிறும். மூன்று நாள் சாதுவாக இருந்துவிட்டு நான்காம் நாள் கத்தும். யாரையாவது கூப்பிட்டுக் காட்டினால் அன்றைக்குப் பார்த்து வாயே திறக்காது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த இன்ஜின் கிளம்பியதும் கொஞ்ச நேரம் வேகமாகச் சுற்றுவது கோளாறே இல்லை. புகைக்குழாயில் இருக்கிற, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூடாவதற்காக, நிமிடத்துக்குச் சுமார் 1,200 சுற்று வேகத்தில் ஒரு நிமிடம் போல ஓடும். பேட்டரியில் சார்ஜ் குறைந்திருந்தாலும் கூடுதல் நேரம் ஓடும். என் வண்டி 2,000-ஐத் தாண்டி ஏறி ஏறி இறங்கியது.

ஒர்க்‌ஷாப்காரர் ஸ்கேனரைச் சொருகி அரை நிமிடம் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பவே இல்லை. "பேட்டரி வீக் சார், சார்ஜ் நிக்கல. அதான் இன்ஜினப் போட்டு மிதிக்குது" என்றார். பாதி உண்மை என்பதால் நம்பிவிட்டேன். பேட்டரி தேய்ந்தால் இன்ஜின் அடிக்கடி ஓடும்தான். ஆனால் அப்போது சார்ஜ் கட்டங்கள் மளமளவென்று ஏறி இறங்கும், மைலேஜ் விழும், பெரும்பாலும் எச்சரிக்கை விளக்கும் வந்து நிற்கும். என் வண்டியில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. கேட்கத் தோன்றவில்லை. பெரிய பேட்டரி என்றதுமே பயம் வந்துவிட்டது.

"புது பேக்" போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் சத்தமில்லை. மூன்றாம் வாரம் அதே உறுமல்.

இந்தத் தடவை வேறொரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை. "எப்போ கத்துது, எப்போ கத்தல, பத்து நாள் எழுதிக்கிட்டு வாங்க" என்றார். வண்டி எத்தனை மணி நேரம் நின்றது, சார்ஜ் கட்டம் எத்தனை, பட்டனை அழுத்துவதற்கு முன் 12 வோல்ட் பேட்டரியில் எவ்வளவு காட்டுகிறது, எல்லாம் எழுதினேன். இந்தச் சின்ன பேட்டரியை முதல் ஒர்க்‌ஷாப்பில் யாரும் சீண்டவில்லை. என் வண்டியில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை. பெரிய பேட்டரிதான் மோட்டார் ஜெனரேட்டர் வழியாக இன்ஜினைச் சுழற்றுகிறது. சின்னது கணினிகளை எழுப்பும், அவ்வளவுதான். ஆனால் அது இளைத்தால் இல்லாத கோளாறெல்லாம் இருப்பதுபோல வண்டி நடிக்கும். என்னுடையது தினமும் 12.5 காட்டியது. பத்து நாளில் மூன்று நாள் கத்தியது, அதில் இரண்டு நாள் சார்ஜ் நிறையவே இருந்தது.

நோட்டைப் பார்த்துவிட்டு அண்ணன் நேராக ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றினார். இன்ஜினுக்குள் போகிற காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பாடிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். வட்டத் தகட்டின் ஓரம் முழுக்கத் தார் மாதிரி கரி. வண்டியை அணைத்திருந்த நிலையில் விரலால் மெதுவாகத் தள்ளினார். தகடு முதலில் ஒட்டிக்கொண்டு நின்றது, அப்புறம் 'டப்' என்று விலகியது. கணினி கொஞ்சமாகத் திறக்கச் சொன்னால் அது ஒட்டி நின்றுவிட்டு, பிறகு அதிகமாகத் திறந்துகொள்கிறது. அதுதான் உறுமல். கிளீனர் அடித்துத் துணியால் கரியைத் துடைத்தெடுத்தார். துடைத்த துணி எண்ணெய்ப் பிசுக்காக இருந்ததால் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல் அளவு ஆயில். அதிகமான ஆயில் உள்ளே தெறித்து, ஆவியோடு ஆவியாகக் காற்றுப் பாதைக்கு வந்து படிந்திருக்கிறது. கடைசி இரண்டு ஆயில் சர்வீஸும் எங்கே செய்தேன் என்று கேட்டார். அதே ஒர்க்‌ஷாப்தான்.

மனசு கேட்காமல் பேட்டரியையும் திறந்து காட்டச் சொன்னேன். இதை நீங்களாகச் செய்யாதீர்கள். 2004 முதல் 2009 வரை வந்த டொயோட்டா பிரியஸ் ஹைப்ரிட் காரை எடுத்துக்கொண்டால், அதன் பேட்டரிக்குள் மாட்யூல் எனப்படும் 7.2 வோல்ட் சிறு பேட்டரிகள் 28, மொத்தம் 201.6 வோல்ட். ஆளைக் கொல்லும் மின்சாரம். அவர் ரப்பர் கையுறை போட்டு, பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, பத்து நிமிடம் காத்திருந்துதான் மூடியில் கை வைத்தார். உள்ளே செம்புப் பட்டைகளில் பச்சைக் களிம்பு, மாட்யூல்களின் மேல் பல வருடத் தூசி. மூன்றே மூன்று மட்டும் கொஞ்சம் பளிச்சென்று இருந்தன. புது பேக்கின் லட்சணம் இது.

பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போய், அன்றைக்கு ஸ்கேனரில் எந்தக் கோடு (கோளாறைக் காட்டும் குறியீட்டு எண்) வந்தது என்று கேட்டேன். "பேட்டரியக் கழட்டினதுல அழிஞ்சிடுச்சு சார்." கழற்றிய பழைய பேட்டரி? "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு." பில்லில் "பேட்டரி வேலை" என்று ஒரே ஒரு வரி, மாட்யூல் எண்ணும் இல்லை, வாரண்டியும் இல்லை. அந்தக் கோளாறுக் குறியீட்டின் படத்தையும் பழைய பாகத்தையும் கையில் வாங்காமல் பணம் கொடுத்தது என் தப்பு.

கொஞ்ச நேரம் வாக்குவாதம். கடைசியில் குரலை இறக்கி, "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும். வேணும்னா ஒரு ஆயில் சர்வீஸ் ஃப்ரீயா பண்ணித் தர்றோம்" என்றார்.