கே1 சுங்கப் படிவத்தை யார் கணினியில் அடிப்பது? பினாங்கு இறக்குமதிக் கடைக்கு மூன்று வழிகள்

பட்டர்வொர்த்தில் வெங்காயக் கன்டெய்னர் இறங்கிய பிறகு ஒரு நாள் தாமதமானாலும் மூன்று பக்கம் இடிக்கும்: துறைமுகத்துக்குச் சேமிப்புக் கட்டணம், கப்பல் கம்பெனிக்குக் கன்டெய்னர் வாடகை, மூட்டைக்குள் முளைவிடும் சரக்கு. லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகை மொத்தக் கடைக்கு இறக்குமதி டாக்குமென்ட் பார்ப்பது என் வேலை. சுங்கத்துக்கு நம் சரக்கைப் பற்றிச் சொல்ல இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுமே 'டிஜிட்டல்' என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. ஆனால் ஒரே விவரத்தை எத்தனை பேர் எத்தனை தடவை அடிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

முதல் வழி, நம்மில் பெரும்பாலோர் செய்வது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங் மூன்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஏஜென்டுக்கு அனுப்பிவிடுவது. சுங்கச் சட்டம் 1967-இன் 90-வது பிரிவின் கீழ் லைசென்ஸ் வைத்திருக்கும் ஃபார்வர்டிங் ஏஜென்ட், அதைப் பார்த்து இறக்குமதியைச் சுங்கத்துக்கு அறிவிக்கும் கே1 படிவத்தைக் கணினியில் நிரப்பி அனுப்புவார். நமக்குத் தலைவலி இல்லை. அனுபவம் உள்ள ஏஜென்டுக்குத் துறைமுகத்தில் எந்த மேசையில் என்ன கேட்பார்கள் என்பதும் அத்துப்படி.

ஆனால் போட்டோவைப் பார்த்து அடிப்பவர் நம் சரக்கைப் பார்த்ததே இல்லை. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இந்திய இன்வாய்ஸில் 'ரெட் ஆனியன்' என்று இருந்தது. வந்தது பெரிய வெங்காயம். ஏஜென்ட் அலுவலகத்தில் அடித்தவர் அதை மலாயில் 'பாவாங் மேரா' என்று எழுதிவிட்டார். சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் மலாயில் பாவாங் மேரா என்றால் சின்ன வெங்காயம். சுங்கம் ஒவ்வொரு பொருளுக்கும் வைத்திருக்கும் எண்ணான கோடும் (code) அதற்கேற்ப 0703.10.29 ஆகிவிட்டது. பெரிய வெங்காயத்துக்கு 0703.10.19. இறக்குமதி பெர்மிட்டில் ஒன்று, கே1-இல் வேறொன்று. வெள்ளிக்கிழமை மாலை நின்ற கன்டெய்னர், திருத்தம் போட்டு வெளியே வந்தது அடுத்த வாரம். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. விளக்கம் இல்லாத காகிதத்தை அனுப்பியது நாங்கள்.

இரண்டாவது வழி, சந்தா கட்டி நாமே அடிப்பது. சொந்தச் சரக்கை இறக்குமதியாளரே அறிவிக்கலாம். எல்லா வர்த்தக ஆவணங்களையும் ஒரே இடத்தில் அனுப்பும் மலேசியாவின் ஒற்றைச் சாளரம் 2009-இலிருந்து டகாங் நெட் என்ற நிறுவனம் வழியாக நடக்கிறது. பெர்மிட், அறிவிப்பு, வரி கட்டுவது எல்லாம் திரையிலேயே முடியும். அடிப்பவர் சரக்கை அறிந்தவர் என்பது பெரிய பலம். ஆனால் கோடு தெரிந்திருக்க வேண்டும். முதல் ஆறு இலக்கம்தான் உலகம் முழுக்கப் பொது, அதற்குப் பிறகு அவரவர் பட்டியல். இந்திய இன்வாய்ஸில் இருக்கும் கோடைப் பார்க்காமல் அப்படியே இங்கே போடக் கூடாது. உணவுப் பொருளுக்குக் கோடு இன்னும் முக்கியம். இறக்குமதி உணவைச் சோதிக்கும் சுகாதார அமைச்சின் ஃபோசிம் கணினி அமைப்பு, தானாக விடுவிப்பதிலிருந்து தானாக நிராகரிப்பது வரை ஆறு படிகள் வைத்திருக்கிறது. நம் சரக்கு எந்தப் படியில் விழும் என்பது நாம் அடிக்கும் விவரத்தைப் பொறுத்தது. இதற்கென்றே ஓர் ஆள் வேண்டும். அவர் லீவு போட்ட நாளில் கப்பல் வந்தால் என்ன செய்வது?

மூன்றாவது, நம் கணக்கு மென்பொருளே நேராகச் சாளரத்தோடு பேசுவது. யாரும் அடிக்கவே வேண்டாம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள்போல் தினமும் சரக்கு அனுப்புபவர்களுக்கு இதுதான் சரி. மாதம் நாலைந்து கன்டெய்னர் எடுக்கும் கடைக்குச் செலவு கட்டுப்படியாகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாம் எந்த வழியில் போனாலும் அரசாங்கப் பக்கம் கதவுகள் பல. வெங்காயத்துக்கு முன்கூட்டியே இறக்குமதி பெர்மிட், ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழ், மூட்டை லேபிளுக்கு விவசாயச் சந்தை வாரியமான ஃபாமா, நுழைவாயிலில் 2025 முதல் எல்லைக் கட்டுப்பாட்டு முகமையான ஏகேபிஎஸ். சிங்கப்பூர் 1989-இலேயே தன் ஒற்றைச் சாளரமான டிரேட்நெட்டைத் தொடங்கிவிட்டது. அங்கே ஒரே விண்ணப்பம். எந்தத் துறை பார்க்க வேண்டுமோ அந்தத் துறைக்கு அமைப்பே அனுப்பி, ஒப்புதலை வாங்கித் தருகிறது. இங்கே பெர்மிட்டை ஓரிடத்தில் வாங்கி, அதன் எண்ணை நாம் கே1-இல் மறுபடி அடிக்கிறோம். எங்கள் தவறு புகுந்ததும் இந்த இடைவெளியில்தான். இது மாறத்தான் வேண்டும், மாறவும் முடியும். வியட்நாம் மிளகுக்கு முன்பெல்லாம், சரக்கு எந்த ஆசியான் நாட்டில் விளைந்தது என்று காட்டும் ஃபார்ம் டி சான்றிதழ் காகிதமாக வரக் காத்திருப்போம். 2018-இல் மலேசியா உட்பட ஐந்து ஆசியான் நாடுகள் அதை அரசுக்கு அரசு மின்னணுவாகவே அனுப்பத் தொடங்கின, பிறகு மற்ற நாடுகளும் சேர்ந்தன.

சரி, எங்களைப் போன்ற கடை எதைத் தேர்ந்தெடுப்பது? ஏஜென்டை விட வேண்டாம், போட்டோவை விடுங்கள். நாங்கள் இப்போது ஒரு எக்செல் தாள் அனுப்புகிறோம். ஒரு பொருளுக்கு ஒரு வரி: மலாய்ப் பெயர், கோடு, பெர்மிட் எண், மொத்த எடை, நிகர எடை. ஏஜென்ட் அதிலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறார். கே1-ஐ அனுப்பும் முன் வரைவை எங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். வந்ததும் பெர்மிட்டைப் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்ப்பேன். பத்து நிமிட வேலை. பெயர்க் கட்டத்தில் 'பாவாங் பெசார்' என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அனுப்பச் சொல்வேன்.