மூடி திறக்காத பிளாஸ்க்கும் நொய்க்கஞ்சியும்

"நீ வச்சிருக்கியே, அந்த அகல வாய் ஸ்டீல் பிளாஸ்க், அது இப்போ விலை குறைஞ்சிருக்கு. வாங்கலாமா? அடுத்த மாசம் குழந்தையைத் தூக்கிட்டு ஊருக்குப் போகணும்" என்று தோழி ஒருத்தி கேட்டிருந்தாள். வாங்கு என்று சொல்லவும் என்னிடம் காரணம் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லவும் இருக்கிறது. போன வாரம்தான் அதன் மூடிக்குக் கேஸ்கட் மாற்றிவிட்டு வந்தேன். அந்த எரிச்சல் இன்னும் தணியவில்லை. இருந்தாலும் முடிந்தவரை நியாயமாக எழுதப் பார்க்கிறேன்.

500 மில்லி, இரட்டைச் சுவர், உள்ளும் புறமும் ஸ்டீல். இதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும். மகனுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது வாங்கினேன். இப்போது அவன் இரண்டு வயதை நெருங்குகிறான். வீட்டில், பூங்காவில், தடுப்பூசி போடப் போகும்போது, ஊருக்குப் போகும்போது என்று எல்லா இடத்துக்கும் கூடவே வந்திருக்கிறது. கீழே விழுந்து வெளிப்பக்கம் ஓரிடத்தில் நசுங்கியும் இருக்கிறது. அதனால் சூடு தாங்குவது குறையவில்லை. நசுங்கிய பிளாஸ்க் இன்னும் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கொதிக்கும் நீரை ஊற்றி மூடிவிட்டு, சில நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுவர் சுட்டால் இரண்டு சுவருக்கும் நடுவே இருந்த வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். என்னுடையது இன்றும் சுடுவதில்லை.

முதலில் மூடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு எதையும் நிதானமாக எழுத வராது.

கொதிக்கக் கொதிக்க எதையாவது ஊற்றி உடனே மூடினால், சில மணி நேரம் கழித்து இந்த மூடி திறக்காது. சும்மா இறுக்கம் என்றால் பரவாயில்லை. இது பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாலும் அசையாது. காரணம் எளிது. மூடும்போது கஞ்சிக்கு மேலே இருக்கும் இடைவெளியில் காற்றைவிட நீராவிதான் அதிகம். சூடு கொஞ்சம் இறங்கியதும் அந்த ஆவியில் பெரும்பகுதி நீராகிவிடுகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று மூடியை அமுக்குகிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ வீதம் காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது என்று பள்ளியில் படித்ததுதான். இந்த பிளாஸ்க்கின் வாய் 7 சென்டிமீட்டர் அகலம், அதாவது 38 சதுர சென்டிமீட்டருக்கு மேல் பரப்பு. உள்ளே அழுத்தம் பாதியாகக் குறைந்தால் மூடியின் மேல் கிட்டத்தட்ட 19 கிலோ உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாரம் அமுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் நாம் திருக வேண்டும், அதுவும் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. சில பிளாஸ்க்குகளின் மூடி நடுவில் சின்னதாக ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் 'புஸ்' என்று காற்று உள்ளே போய்விடும், அப்புறம் மூடி கையோடு வரும். என் பிளாஸ்க்கில் அது இல்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து கேட்டேன். "மூடி டைட்டா இருக்கிறதுதான் மேடம் குவாலிட்டி" என்றார்கள். பசித்த குழந்தை அழும்போது திறக்க முடியாத சாப்பாட்டுப் பாத்திரத்தை யாரும் தரமானது என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

நாங்கள் இருப்பது தாம்பரம், கணவரின் ஊர் நாகர்கோவில். எழும்பூரில் காலை 5 மணிக்குக் கிளம்பும் வந்தே பாரத்தில்தான் பெரும்பாலும் போகிறோம். மதியம் இரண்டு மணிக்குள் ஊர் வந்துவிடும். குழந்தையோடு இரவு ரயிலில் தூங்காமல் போவதைவிட இது எனக்கு எவ்வளவோ மேல். நான்கு மணிக்குக் கஞ்சியை ஊற்றி மூடினால், பத்தரை மணிக்கு மதுரையை நெருங்கும்போது அவன் சாப்பாட்டு நேரம். ஒருமுறை கொடைரோடு தாண்டியதும் திறக்கப் பார்த்தேன். வரவில்லை. கணவர் முயன்றார், அவருக்கும் வரவில்லை. பையன் முதலில் சிணுங்கினான், அப்புறம் பெட்டி முழுக்கக் கேட்கும்படி அழ ஆரம்பித்தான். எதிரில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் நனைத்து மூடியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பிளாஸ்க்கை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு ஒரே திருகு. திறந்துவிட்டது. உள்ளேயிருந்து ஆவி எழுந்தது. "நல்ல சூடாத்தான் இருக்கு, ஆற வச்சுக் குடும்மா" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவருக்கு நன்றி சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மூடிக்காக இவ்வளவு பாடு பட வேண்டுமா?

கேஸ்கட் கிழிந்ததும் இதனால்தான். வீட்டில் அவசரத்துக்கு யாரோ கரண்டிக் காம்பை விட்டு நெம்பியிருக்கிறார்கள். காற்று உள்ளே போய் மூடி திறந்தது, கூடவே வளையத்தில் ஒரு வெட்டும் விழுந்தது. அதிலிருந்து பையெல்லாம் கசிவு. நிறுவனத்தில் கேட்டால் வளையம் தனியாகக் கிடைக்காதாம், முழு மூடியாகத்தான் வாங்க வேண்டுமாம். அந்த மூடியின் விலைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புது பிளாஸ்க்கே வந்துவிடும். கடைசியில் பாரிமுனையில் குக்கர் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டு போனேன். பழைய வளையத்தை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தார். டப்பாவுக்குள் துழாவி அதே அளவில் வெள்ளை சிலிக்கான் வளையம் ஒன்றை எடுத்துப் போட்டார். "கறுப்பு ரப்பர் போடலாம், மலிவு. ஆனா குழந்தைச் சாப்பாட்டுக்குன்னு சொல்றீங்க, இதுவே இருக்கட்டும்மா" என்றார். தண்ணீர் ஊற்றி, மூடி, தலைகீழாகக் குலுக்கிக் காட்டினார். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. தயாரித்தவர்களுக்கு இல்லாத அக்கறை அவருக்கு இருந்தது.

சரி, கோபத்தை இறக்கி வைத்தாயிற்று. இப்போது கஞ்சிக்கு வருகிறேன்.

சூடாக வைத்திருக்கத்தான் இதை வாங்கினேன். இது சமைக்கவும் செய்யும் என்று வாங்கும்போது தெரியாது. இரண்டு மேசைக்கரண்டி நொய்யரிசி, ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு. இரண்டையும் வாசம் வரும்வரை வறுத்துக் கழுவி அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். பிளாஸ்க்கில் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். இதை விட்டுவிட்டால் கஞ்சியின் சூட்டில் கொஞ்சத்தை ஸ்டீலே குடித்துவிடும். அடுப்பில் 400 மில்லிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர், ஊறிய நொய், பருப்பு, ஒரு சிட்டிகை சீரகம், துருவிய கேரட். ஐந்து நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். பிளாஸ்க்கில் இருக்கும் நீரைக் கொட்டிவிட்டு இதை ஊற்றி மூடிவிடலாம். அவ்வளவுதான். மூன்று மணி நேரத்தில் நொய் குழைந்து, பருப்பு கரைந்து, கரண்டியால் ஒரு மசி மசித்தால் குழந்தை வாயில் வைக்கும் பதம். கேஸை எரியவிட்டுக் கிளற வேண்டியதில்லை, விசிலை எண்ண வேண்டியதில்லை. நான் குளித்து, பையை மூட்டை கட்டி, ரயிலேறி உட்கார்ந்துவிடுவேன், அது பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும்.

திறந்ததும் ஒரு சொட்டு நெய். ஒரு வயது ஆகும்வரை உப்பு போடவில்லை, சர்க்கரையும் இல்லை. தேன் அறவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வரும் ஆபத்து உண்டு. அவன் சாப்பிட்டது போக மிச்சத்தை நாரத்தங்காய் ஊறுகாய் தொட்டுக்கொண்டு நான் குடித்துவிடுவேன். அந்தப் பத்தரை மணிக் கஞ்சி எனக்கும் அமிர்தம்தான்.

எல்லாக் கஞ்சிக்கும் இது ஒத்துவராது. கேழ்வரகை ஊற வைத்து அரைத்து, வெள்ளைத் துணியில் பால் வடிகட்டிக் காய்ச்சுவோம் இல்லையா, அதை இதில் ஊற்றினால் நேரம் ஆக ஆக இறுகிக்கொண்டே போகிறது. நாகர்கோவில் பக்கம் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடிக் கஞ்சியும் அப்படித்தான், திறக்கும்போது அல்வா மாதிரி ஒரே கட்டியாக வரும். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அதை விட மனமில்லை. அதனால் வீட்டில் இருக்கும் நாட்களில் கேழ்வரகு, வெளியே போகும் நாட்களில் நொய் என்று பிரித்துக்கொண்டேன். கீரை சேர்த்தால் நிறம் செத்துப்போகிறது. பெருங்காயம் போட்டால் அந்த வாசனை கேஸ்கட்டில் ஏறிக்கொள்கிறது. வெயிலில் காய வைத்தாலும் அடுத்த நாள் ஆப்பிள் மசியலில் சாம்பார் மணக்கிறது.

இன்னொன்று, இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அரிசியில் பசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் கொதிக்க வைத்தாலும் சாவதில்லை, வெதுவெதுப்பு கிடைத்தால் முளைத்துவிடும். வாந்தியை உண்டாக்கும் அதன் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பரிசோதித்தேன். விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை நிரப்பி, நடுவில் திறக்காமல் வைத்தால் ஆறு மணி நேரம் கழித்தும் 65 டிகிரிக்குக் குறையவில்லை. பாதி மட்டும் ஊற்றினால் அதே நேரத்தில் 50-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. குழந்தைக்குக் கொஞ்சம்தானே என்று அரை பிளாஸ்க் எடுத்துப் போகாதீர்கள். ஒருமுறை திறந்தால் அந்த வேளையோடு அது முடிந்தது. பாலை இதில் மணிக்கணக்கில் வைக்கவே கூடாது. அப்புறம், 65 டிகிரி என்பது குழந்தை வாயைச் சுட்டுவிடும் சூடு. அகலமான கிண்ணத்தில் பரப்பி, மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊட்ட வேண்டும்.

ரயிலில் சார்ஜ் போடும் இடத்தில் கெட்டிலைச் செருகிச் சுட வைக்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். அது தடை செய்யப்பட்டது. அந்த இணைப்பு போனுக்கும் மடிக்கணினிக்கும் உரியது, கெட்டில் இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது. குழந்தைப் பசிக்காக ஒரு பெட்டி ஆட்களை ஆபத்தில் வைக்க முடியாது. இந்த பிளாஸ்க் இருந்ததால் எனக்கு அந்த யோசனையே தேவைப்படவில்லை.

அத்தைக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "காலையில வச்ச கஞ்சியையா பிள்ளைக்குக் குடுக்க?" என்று முகம் சுளித்தார். ஒரு நாள் அவர் முன்னாலேயே திறந்து காட்டினேன். கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன மக்ளே, இப்பம் இறக்குன மாதிரில்லா இருக்கு!" என்றார். இப்போது நாங்கள் ஊரில் இருக்கும் நாட்களில் பிளாஸ்க் என் கைக்கு வருவதில்லை. இரவு அவருக்குக் கோதுமைக் கஞ்சி அதில்தான். பேரனுக்கு அவர் மட்டி வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்துக்கொள்கிறார். கன்னியாகுமரி மட்டிப் பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் அங்கே குழந்தைக்கு முதல் பழம் எது என்று யாரும் அதைப் பார்த்து முடிவு செய்வதில்லை, தலைமுறை தலைமுறையாக மட்டிதான்.

மூடி ஒட்டாமல் இருக்க நான் செய்வது இதுதான். ஊற்றிய பிறகு அரை நிமிடம் திறந்து வைத்து, பிறகு மூடுகிறேன். முக்கால்வாசி நேரம் பலன் இருக்கிறது. மீதி நேரத்துக்குப் பையில் ஒரு ஈரத்துணி, ஒரு ரப்பர் கையுறை. வெந்நீர் கிடைக்கும் இடமென்றால் மூடியின் விளிம்பில் ஊற்றினால் இளகிவிடும்.

சரி, தோழிக்குப் பதில் சொல்ல வேண்டும். கஞ்சிக்கு முழு மதிப்பெண், சூட்டுக்கு முழு மதிப்பெண், உறுதிக்கும் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் எவ்வளவு விலை குறைத்திருந்தாலும் இந்த மாடலை வாங்காதே. பொத்தான் வைத்த மூடி உள்ளதாகப் பார், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. கடைக்குப் போனால் மூடியைக் கழற்றி, கேஸ்கட் விரலோடு வருகிறதா என்று பார். அது தனியாகக் கிடைக்குமா என்று பில் போடுவதற்கு முன்பே கேள். மழுப்பினால் வைத்துவிட்டு வந்துவிடு. ஊருக்குப் போகும்வரை எதுவும் அமையாவிட்டால் என்னுடையதை வந்து எடுத்துக்கொண்டு போ. துணியும் கையுறையும் சேர்த்தே தருகிறேன். பொங்கலுக்கு நாங்கள் கிளம்புவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு.