சீட் கவருக்கு அடியில் போன பெல்ட்

ஸ்வீடனிலிருந்து மூன்றாண்டுகளுக்குப் பிறகு ஊருக்கு வந்தபோது, விமான நிலையத்தில் ஏறிய வாடகைக் காரின் பின்னிருக்கையில் பெல்ட்டைத் தேட வேண்டியிருந்தது. நாடா தோளருகே தொங்கியது. அதைச் செருக வேண்டிய கொக்கி, புதிதாகத் தைத்துப் போட்ட சீட் கவருக்கு அடியில் புதைந்திருந்தது. "பின்னாடி யாரும் போடுறதில்லை சார், அதான் உள்ளே தள்ளிட்டாங்க" என்றார் ஓட்டுநர். பின்னிருக்கைக்கும் பெல்ட் கட்டாயம், மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்பது அவருக்கும் தெரியும். இருவரும் கவரைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு ஒருவழியாக அதை வெளியே எடுத்தோம். தம் பெல்ட்டை அவர் ஒழுங்காகவே போட்டிருந்தார். கேமரா இருக்கும் இடமெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அபராதத்தை உயர்த்திய மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் 2019 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஹெல்மெட் இல்லாமல் போன என் உறவினருக்குக் கைப்பேசியிலேயே செலான் வந்துவிட்டது. அந்த வேகத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதே திருத்தத்தில் 198ஏ என்றொரு பிரிவும் இருக்கிறது. சாலையை வடிவமைப்பவரோ அமைப்பவரோ பராமரிப்பவரோ உரிய தரநிலையைக் கைவிட்டதால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், அவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது அது. நான் விசாரித்த எவரும் இந்தப் பிரிவைக் கேள்விப்பட்டதே இல்லை. ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்ற கொள்கையோ இங்கிருந்துதான் தொடங்குகிறது: மனிதர் தவறு செய்யத்தான் செய்வார், அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைப்பது அரசின் கடமை.

எங்கள் ஊருக்கு அருகே நான்குவழிச் சாலையின் நடுத்திட்டை மக்களே உடைத்து, ஒரு பைக் நுழையும் அளவுக்கு வழி செய்திருக்கிறார்கள். முறையாகத் திரும்பும் இடம் வெகு தொலைவில் இருப்பதால், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வோர்கூட இதில்தான் புகுந்து போகிறார்கள். அவர்களைத் திட்டுவது எளிது. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள், மூன்றாண்டுகளில் மரணமோ பலத்த காயமோ விளைவித்த ஐந்து விபத்துகள் அல்லது பத்து மரணங்கள் நிகழ்ந்தால்தான் அவ்விடம் 'கரும்புள்ளி' எனக் கணக்கில் வரும். அதுவரை அது வெறும் ஓட்டைதான். 2022இல் மட்டும் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்த பிறகும் நாம் இப்படிக் காத்திருக்கிறோம்.

நான் அங்கிருந்தபோது ஒரு மாலை அந்த இடைவெளியில் பைக்கில் வந்த ஒருவர் கார் மோதி விழுந்தார். முன்பெல்லாம் போலீஸ் கேஸுக்குப் பயந்து விலகி நிற்பார்கள். இம்முறை இரண்டு கல்லூரி மாணவர்கள் உடனே 108ஐ அழைத்தார்கள், அவர்களில் ஒருவர் ஆம்புலன்சிலேயே ஏறிச் சென்றார். உதவுபவர் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்ற பாதுகாப்பை அதே சட்டத்தின் 134ஏ பிரிவும் அதன் கீழ் வந்த விதிகளும் தருகின்றன. இந்த ஒரு மாற்றம் எனக்கு உண்மையிலேயே நிறைவளித்தது.

மறுநாள் காலை அந்த இடைவெளியில் யாரோ முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். மாலையில் பார்த்தபோது, ஒரு பைக் போகும் அளவுக்கு அது ஒதுக்கப்பட்டிருந்தது.