ஸ்டிக்கருக்கு ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரம்

என் வண்டியின் பின்பலகையில் ‘ஆஃப் ரோடு’, அதாவது சாலையில்லாத கரடுமுரடான இடத்திலும் ஓடும் என்று முழ அகலத்துக்கு எழுதியிருந்தது. 2023 ஐப்பசியில் அதே வண்டி என் சொந்த விளையில் (ரப்பர்த் தோட்டத்தில்), வீட்டிலிருந்து முந்நூறு மீட்டர்கூட இல்லாத இடத்தில், ஒரு ரப்பர் மரத்தில் சாய்ந்தபடி நின்றது. கயிறு கட்டி அதை இழுத்து எடுத்தது என் மாமாவின் பழைய ஜீப். ஜீப்பில் எந்த ஸ்டிக்கரும் கிடையாது. பாதி பெயின்ட்கூடக் கிடையாது.

எங்கள் விளை குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் பக்கம் இருக்கிறது. செம்மண் சரிவு. குமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் எங்கள் பாதை ஒழுங்காகக் காய்வதே இல்லை. ரப்பர் பால் பீப்பாய்களையும் உர மூட்டைகளையும் ஏற்றி இறக்க வாடகை வண்டியை நம்பி அலுத்துப்போய்த்தான் நாலு சக்கரமும் இழுக்கும் பிக்கப் ஒன்றை வாங்கத் துணிந்தேன். கடன் வாங்கித்தான்.

ஷோரூமின் பெயரையும் வண்டியின் பெயரையும் எழுதப்போவதில்லை. வழக்கு நடக்கிறது. எனக்கு நடந்தது எந்த ஷோரூமிலும் நடக்கக்கூடியதுதான் என்பதும் ஒரு காரணம்.

நாலு சக்கர இழுவை உள்ள மாடலை நான் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன். முன்பணம் கொடுக்கும் நேரத்தில் விற்பனைத் தம்பி ஒரு பிளாஸ்டிக் உறை போட்ட தாளை நீட்டினான். ‘ஆஃப் ரோடு பேக்கேஜ்’, ரூ. 1,78,000. முன்னால் இரும்பு பம்பர், அடியில் காப்புத் தகடு, நான்கு ஆல் டெரெய்ன் (எல்லாத் தரைக்கும் ஏற்ற) டயர், இரண்டு அங்குல உயரம், கூரையில் நீள விளக்கு, ஸ்டிக்கர்.

“சார், உங்கள் விளைக்கு வெறும் ஃபோர் வீல் போதாது. இதைப் போட்டால் டிஃப் லாக்கும் வந்துவிடும். ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றினாலும் அடுத்த சக்கரம் இழுத்துக்கொண்டு ஏறிவிடும்.”

“இதெல்லாம் கம்பெனியிலேயே மாட்டி வருவதா தம்பி?”

“எல்லாம் ஒரிஜினல் சார்.”

நான் கேட்டது ஒன்று, அவன் சொன்னது வேறொன்று. அது எனக்கு உறைக்க ஆறு மாதம் ஆனது.

டிஃப் லாக் என்ற சொல்தான் என்னை விழ வைத்தது. அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல், வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கிறது. தார்ச்சாலையில் அது அவசியம். சேற்றிலோ அதுவே எதிரி. வலது சக்கரம் குழைந்த மண்ணில் வழுக்கினால் எஞ்சினின் பலமெல்லாம் அந்த வழுக்கும் சக்கரத்தைச் சுற்றுவதிலேயே போய்விடும். உறுதியான மண்ணில் நிற்கும் இடது சக்கரம் அசையாது. லாக் என்னும் அந்தப் பூட்டு இருந்தால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றியே ஆகவேண்டும். எங்கள் சரிவுக்கு வேண்டியது அதுதான். அந்தப் பொருள் உண்மையிலேயே கிடைத்திருந்தால் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

வண்டி கைக்கு வந்த அன்று தம்பி டாஷ்போர்டில் ஒரு பொத்தானைக் காட்டினான். “இதுதான் சார் லாக்.” அழுத்தினேன். ஒரு பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. கையேட்டை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. பாலை நகர்த்தாமல் வைத்திருந்தால் கெட்டுவிடும் என்று காலையிலேயே இரண்டு பீப்பாயை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். பள்ளத்தைத் தாண்டி மேடு ஏறும் இடத்தில் பின்சக்கரம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பால்வெட்டுகிற தம்பி பின்னால் நின்று, “அண்ணே, ஒரு சக்கரம்தான் சுற்றுகிறது, அடுத்தது சும்மா நிற்கிறது” என்று கத்தினான். வண்டி பக்கவாட்டில் வழுக்கி மரத்தில் சாய்ந்தது. ஒரு பீப்பாய் கவிழ்ந்து செம்மண்ணெல்லாம் வெள்ளையானது.

மாமா வந்து பார்த்தார். கயிற்றைக் கட்டிக்கொண்டே, “மருமகனே, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அச்சைத் திறந்து பார்த்துவிட்டா பணம் கொடுத்தாய்?” என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது.

மார்த்தாண்டத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் அச்சைத் திறக்கவில்லை. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினார். எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தார். சாவியை மட்டும் திருப்பி, என்னை அந்தப் பொத்தானை அழுத்தச் சொன்னார். பிறகு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினார். அடுத்த பக்கச் சக்கரம் நேர் எதிர்த்திசையில் சுற்றியது. “பூட்டு விழுந்திருந்தால் என்னால் இதை அசைக்கவே முடியாது தம்பி. இதில் பூட்டே இல்லை” என்றார். முழுச் சோதனைக்கும் கால் மணி நேரம் ஆகியிருக்காது. வண்டி எடுக்கும் நாளில் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போய் இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

அந்தப் பொத்தான் சரிவில் இறங்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கானது. பேக்கேஜ் வாங்காதவருடைய வண்டியிலும் அது இருக்கிறது.

தூக்கி நிறுத்திய வண்டியைச் சும்மா விடாமல் மற்றதையும் பார்க்கச் சொன்னேன். காப்புத் தகட்டை அண்ணன் விரல் முட்டியால் தட்டினார். பிஸ்கெட் டப்பாவைத் தட்டுவதுபோல் கேட்டது. கல்லில் ஒருமுறை உரசியதிலேயே அது மேலே வளைந்து எஞ்சின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. என்னுடையதில் 2819. நான் 2023-இல் ‘புதிதாக’ வாங்கிய டயர் 2019-ஆம் ஆண்டின் 28-ஆம் வாரத்தில் செய்தது. அதைவிட மோசம், அளவுக்கு அடுத்து இருக்கும் சுமை எண். கம்பெனி போட்டுக் கொடுத்த டயரில் அது 112, அதாவது ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். பேக்கேஜ் டயரில் 107, அதாவது 975 கிலோ. பாரம் ஏற்றத்தான் பிக்கப் வாங்கினேன். கூடுதல் பணம் கொடுத்துத் தாங்கும் திறனைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். கழற்றிய ஒரிஜினல் டயர்கள் எங்கே போயின என்று நான் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை.

ஸ்டெப்னியை மட்டும் மாற்றாமல் பழையதாகவே விட்டிருந்தார்கள். நான்கு டயர் ஓர் உயரம், ஐந்தாவது வேறு உயரம். நாலு சக்கர இழுவையில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படும் வண்டி இது. உயரம் குறைந்த ஒரு டயரை மாட்டிக்கொண்டு அப்படியே ஓட்டினால் கியர்ப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். நல்லவேளையாக எனக்கு அதுவரை பஞ்சர் ஆகவில்லை.

இரண்டு அங்குல உயரம்தான் கடைசி அடி. முன்பக்க ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு வளையத்தைச் செருகி உயர்த்தியிருந்தார்கள். அதனால் முன் அச்சுத் தண்டுகள் அளவுக்கு மீறிச் சாய்ந்து, ரப்பர் உறை கிழிந்து, உள்ளே மண் புகுந்து, திருப்பும்போதெல்லாம் கடகடவென்று சத்தம். வாரண்டியில் சரிசெய்யக் கேட்டால், வண்டியின் அமைப்பை மாற்றியிருப்பதால் பொருந்தாது என்றார்கள். மாற்றியதும் அவர்கள், மறுத்ததும் அவர்கள். விற்றபோது ‘ஒரிஜினல்’, பழுதானபோது ‘வெளிப்பொருள்’.

அன்று இரவுதான் பில்லை எடுத்து வரிவரியாகப் படித்தேன். வண்டிக்கு ஒரு பில். பேக்கேஜுக்கு வேறொரு நிறுவனத்தின் பெயரில், வேறொரு முகவரியில், தனி பில். அதில் ‘ஆஃப் ரோடு’ என்ற சொல்லும் இல்லை, ‘லாக்’ என்ற சொல்லும் இல்லை. ‘உதிரி அலங்காரப் பொருட்கள், 1 செட்’. அலங்காரம்! அழகு சோறு போடுமா என்று எங்கள் அம்மா கேட்பாள். காப்பீட்டிலும் அந்தப் பொருட்கள் இல்லை; வெளியே மாட்டியவற்றைத் தனியாக அறிவித்துப் பிரீமியம் கட்டினால்தான் சேரும் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பம்பர் கதை சிறியது. வளைகுடாவிலிருந்து வந்த என் சொந்தத் தம்பியை அழைத்துவரத் திருவனந்தபுரம் போனேன்; களியக்காவிளை தாண்டியதும் நிறுத்தினார்கள். இப்படிப்பட்ட இரும்பு பம்பர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. நிறுத்தியவர்மேல் தவறில்லை. அபராதத்தைக் கட்டினேன்.

ஆஃப் ரோடு பேக்கேஜ் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 வண்டிக்கு எஃப்எக்ஸ்4 என்றும், டொயோட்டா டகோமாவுக்கு டிஆர்டி ஆஃப்-ரோடு என்றும் தொழிற்சாலையிலேயே போட்டு வருகிறது. பின் அச்சுப் பூட்டு அவற்றில் உண்மையாகவே இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் காசு அச்சுக்குள் போகிறது. நம் ஊரில் அப்படிப்பட்ட பாகம் வேண்டுமென்றால் அது இருக்கும் மாடலையே எடுக்கவேண்டும். ஷோரூமின் பின்கட்டில் ஒரு நாளில் மாட்டித்தரும் எதுவும் அந்த வேலையைச் செய்யாது. கம்பெனியின் அச்சிட்ட விவரத்தாளில் உங்கள் மாடலுக்கு நேரே அந்தப் பாகத்தின் பெயர் இருக்கிறதா, பில்லில் அதே பெயர் வருகிறதா, பில் கொடுப்பவர் வண்டி விற்பவர்தானா என்று பாருங்கள். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம்வரை தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கோ, உண்மையான பேக்கேஜ்கூடத் தண்டச்செலவு. டயர் இரைச்சலும் டீசல் செலவும்தான் மிஞ்சும்.

நான் பிறகு செய்தது இது: வளையத்தைக் கழற்றினேன். சரியான சுமை எண்ணுள்ள ஆல் டெரெய்ன் டயர் ஐந்து வாங்கினேன், ஸ்டெப்னியும் சேர்த்து. அண்ணன் கெட்டித் தகடு வெட்டி அடியில் ஒன்று அடித்துக் கொடுத்தார். பேக்கேஜ் விலையில் பாதிதான் ஆனது. மேட்டின் நடுவில் இருபதடிக்குக் கருங்கல் சில்லியும் கொட்டினோம். அதற்குப் பிறகு இந்தச் சரிவில் வண்டி நின்றதில்லை. உண்மையைச் சொன்னால், டயரைவிட அந்தச் சில்லிதான் அதிகம் உதவியது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் கொடுத்தேன். ஷோரூம் பதில் எழுதியது, பணம் தரவில்லை. இப்போது நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். நான் கிட்டத்தட்டக் கடைசி நேரத்தில்தான் போனேன். “வணிகத்துக்காக வாங்கிய வண்டி, இவர் நுகர்வோரே அல்ல” என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காக வாங்கியது என்றால் சட்டம் ஏற்கும் என்று எங்கள் வக்கீல் சொல்கிறார். விளைப் பத்திரம், ரப்பர் விற்ற சீட்டு எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறோம். ‘லாக் வரும்’ என்று விற்பனைத் தம்பி வாயால் சொன்னதற்கு மட்டும் எழுத்தில் எதுவும் இல்லை. அன்று ஒரு குறுஞ்செய்தியிலாவது கேட்டு வைத்திருக்கலாம்.

பம்பரைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை. ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரைக்குப் பின்னால் நட்டுவைத்து, ஷீட் காயப்போடும் கம்பியின் ஒரு முனையை அதில் கட்டியிருக்கிறோம்.