பாண் வைத்துக் கழற்றிய பைலட் புஷ்: மூன்று ஆண்டுகளுக்குப் பின் எஞ்சினை மீண்டும் இறக்கியபோது

என்னிடம் இருப்பது 1098 சி.சி. எஞ்சின் கொண்ட மொரிஸ் மைனர். அப்பா வாங்கிய கார். கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து மருதானைக்கு வேலைக்குப் போய்வர இன்றும் அதைத்தான் ஓட்டுகிறேன். 2022 ஜூலையில் அதன் பைலட் புஷ்ஷை வீட்டு வாசலில் வைத்து நானே கழற்றி மாற்றினேன். அண்மையில் எஞ்சினை மறுபடியும் இறக்க நேர்ந்தது. அந்தப் புஷ் எப்படி உழைத்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டேன். மாட்டிய மறுநாள் எழுதும் பாராட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான் இத்தனை காலம் எழுதாமல் இருந்தேன்.

பைலட் புஷ் என்பது எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்நுனியில், அதோடு சேர்ந்து சுற்றும் கனத்த சக்கரமான ஃபிளைவீலின் நடுவே தெரியும் குழிக்குள் இருக்கும் சிறு வெண்கல வளையம். கியர் பொக்ஸிலிருந்து வரும் தண்டின் மூக்கை அதுதான் தாங்குகிறது. கிளட்ச்சை மிதிக்காமல் ஓடும்போது எஞ்சினும் அந்தத் தண்டும் ஒன்றாகச் சுற்றுவதால் புஷ்ஷுக்கு வேலை இல்லை. கியரில் போட்டு நிற்கும்போது மிதித்தால் தண்டு நின்றுவிடுகிறது, கிராங்க் சுற்றிக்கொண்டே இருக்கிறது, தேய்மானம் அப்போதுதான். கொழும்பின் காலி (Galle) வீதியில் கியரைப் போட்டுக் கிளட்ச்சை மிதித்தபடியே பச்சை விளக்குக்குக் காத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தையும் சரியாகப் பிரித்தறிய வேண்டும். பெடலில் கால் பட்டு இலேசாக அழுந்தும்போதே சத்தம் வந்தால் முதலில், பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கைப் பாருங்கள். கார் நின்றுகொண்டிருக்க, கியரில் போட்டு, அடிவரை மிதித்திருக்கும்போது மட்டும் கீச்சிட்டால் பைலட் புஷ்ஷைச் சந்தேகிக்கலாம். என் காரில் இரண்டாவது வகைச் சத்தம்தான் கேட்டது. முதல் கியரும் ரிவர்ஸும் விழ மறுத்தன.

காரணம் எஞ்சினை இறக்கிய பிறகுதான் தெரிந்தது. 2019இல் ஒரு கராஜில் கிளட்ச் மாற்றியிருந்தேன். பழைய புஷ்ஷை உளியால் கொத்தி எடுத்துவிட்டு, பித்தளைக் கம்பியில் ஒன்றைக் கடைந்து அறைந்து ஏற்றியிருந்தார்கள். கிராங்க் குழியின் சுவரில் உளித் தடங்கள் இரண்டு அப்படியே இருந்தன. பித்தளையும் வெண்கலமும் நிறத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் இந்த வேலைக்கு ஒன்றல்ல. சரியான புஷ் வெண்கலப் பொடியை அச்சில் அழுத்திச் சூளையில் இறுக்கிச் செய்வது. அதன் உடம்பெல்லாம் நுண்துளைகள். அவை எண்ணெயைக் குடித்து வைத்திருந்து, சூடேறும்போது கசியவிடும். கட்டிப் பித்தளைக்கு அந்தக் குணம் கிடையாது. கிராங்க் ஷாஃப்டில் உளி வைத்ததை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. புஷ் கடையில் கிடைக்கும். அந்தக் குழி கெட்டால் கிராங்கையே கழற்றிக்கொண்டு லேத் பட்டறைக்கு அலைய வேண்டும்.

அந்த ஜூலையில் நாட்டில் பெட்ரோல் இல்லை. எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் முறையில் வாரத்துக்கு 20 லீட்டர் கிடைக்கும்வரை கார் எப்படியும் நின்றுதான் இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணர் சங்கிலிக் கப்பி கொண்டுவந்தார். எஞ்சின் இறங்கியதும் புஷ்ஷைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது லேசில் வராது. உளி எடுக்கட்டுமா?” என்றார்.

“வேண்டாம் அண்ணை, ஏற்கெனவே கீறல் இருக்கிறது” என்றேன்.

முதலில் இரவல் வாங்கிய உள்புற இழுவைக் கருவியைப் போட்டோம். அதன் நகம் வழுக்கிப் புஷ்ஷின் விளிம்பை உடைத்ததுதான் மிச்சம். அடுத்து கிறீஸ். குழி நிறைய அடைத்து, ஒரு கம்பியைச் செருகி அறைந்தால், கிறீஸுக்கு வேறு வழி இல்லாமல் புஷ்ஷைப் பின்னாலிருந்து தள்ளும் என்பது கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் என் கம்பி அரை மில்லிமீட்டர் மெலிவு. அந்த இடைவெளி வழியாகக் கிறீஸ் முழுவதும் முகத்தில் தெறித்தது. கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

மறுநாள் பஞ்சிகாவத்தையில் ஒரு லேத் பட்டறையில், புஷ்ஷின் துளைக்குள் ஆடாமல் வழுக்கிச் செல்லும் அளவில் இரும்புக் கோல் ஒன்றைக் கடைந்து வாங்கினேன். நுனி தட்டையாக, விளிம்பு மழுங்காமல் இருக்க வேண்டும் என்று சொல்லிச் செய்வித்தேன். இந்த முழு வேலையிலும் பணம் கொடுக்கத் தகுந்த பொருள் அந்தக் கோல்தான்.

வீட்டில் முந்தைய நாள் வாங்கிய பாண் (பிரெட்) இருந்தது. கிறீஸ் செய்ய வேண்டிய வேலையை இனி அது செய்யட்டும் என்று நினைத்தேன். தோலை நீக்கி, நனைத்து, நன்றாகப் பிழிந்து, உருண்டையாக்கிக் குழிக்குள் திணித்தேன். கோலை வைத்து ஓர் அடி. கோல் உள்ளே போயிற்று. எடுத்து, மீண்டும் பாண். நான்காவது தடவை வரை கோல் சும்மா இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாவதில் சுத்தியலின் ஓசை மாறியது. கிணுங்கென்ற சத்தம் போய், ஈர மண்ணில் அடிப்பதுபோல் மந்தமாகக் கேட்டது. உள்ளே காற்று இல்லை, பாண் இறுகிவிட்டது என்று பொருள். எட்டாவது தடவையில் புஷ்ஷின் விளிம்பு நகக்கனம் வெளியே வந்திருந்தது. பதினொன்றில் புஷ் கோலோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. அதன் பின்னால் குழலிலிருந்து தள்ளிய பிட்டுப்போல உருளையாக இறுகிய பாண். குழியில் புதிய கீறல் ஒன்றுகூட இல்லை. அண்ணர் டோர்ச் அடித்து இரண்டு தடவை பார்த்தார்.

புதிய புஷ்ஷைக் கடையில் வாங்கும்போது தீக்குச்சியின் சூட்டைச் சற்றுக் காட்டச் சொன்னேன். மேற்பரப்பில் எண்ணெய் வியர்வைபோல் அரும்பியது, நுண்துளை உள்ளதுதான். இரவு முழுவதும் எஞ்சின் ஒயிலில் ஊறவைத்தேன். பிறகு ஒரு பக்கத் துளையைப் பெருவிரலால் அடைத்து, உள்ளே ஒயில் நிரப்பி, மறு பக்கத்தை மற்ற விரலால் அழுத்தினேன். வெளிச்சுவரில் மணிமணியாக ஒயில் எழும்பியது. குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, மரக்கட்டை வைத்து நேராகத் தட்டினேன், இலகுவாக இறங்கியது. புஷ்ஷின் உள்ளே கிறீஸ் பூச வேண்டாம், துளைகள் அடைபட்டுவிடும்.

அதன் பிறகு ஏறத்தாழ 13,000 மைல் ஓடியிருக்கிறது. கீச்சொலி திரும்பவில்லை. ரிவர்ஸ் கியர் முனகாமல் விழுகிறது. இப்போது எஞ்சினை இறக்கியது புஷ்ஷுக்காக அல்ல, கிளட்ச் தட்டில் ஒயில் பட்டதால். இந்த எஞ்சினின் பின்பக்கத்தில் ரப்பர் சீல் கிடையாது. ஒயிலைத் திருப்பி அனுப்பும் சுருள் வரி மட்டுமே உண்டு, வயதானால் கசியும். புஷ்ஷின் உட்புறம் கருமையேறி வழுவழுப்பாக இருந்தது. தண்டின் மூக்கில் புதிதாக ஒரு கோடுகூட விழவில்லை. எஞ்சின் இறங்கியிருக்கும்போதே மாற்றிவிடலாம் என்று பாணை எடுத்தேன். இம்முறை மூன்றாவது திணிப்பிலேயே வந்துவிட்டது; அறைந்து ஏற்றாததன் பலன் அது.

குறை ஒன்றும் கண்டேன். குழியின் அடியில் மிளகளவு துரு. முதல் தடவை பாணை முழுவதுமாகச் சுரண்டாமல் விட்டிருக்கிறேன், ஈரம் தங்கியிருக்கிறது. இந்தத் தடவை வளைத்த கம்பியால் கிளறி, மண்ணெண்ணெயில் கழுவி, துணி சுற்றித் துடைத்து, டோர்ச் அடித்துப் பார்த்த பிறகே புதியதை ஏற்றினேன்.

கோலை இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பர் இரவல் கேட்டிருக்கிறார். அவருடையது பழைய ஜப்பான் கார், உள்ளே இருப்பது குண்டு பேரிங். குண்டுகளின் இடைவெளியால் பாண் பிதுங்கி வெளியே வந்துவிடும், அதற்கு இழுவைக் கருவிதான் சரி என்று சொல்லி, கோலுக்குப் பதிலாக அண்ணரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன்.